புல்லட்டின் நரம்புகள்

பழைய மோட்டார் சைக்கிளுக்கு நோய் கண்டால், அது பெரும்பாலும் இருதய நோயாக இருப்பதில்லை. நரம்புத் தளர்ச்சியாகவே இருக்கும். இஞ்சின் எதையும் தாங்கும். மின்சாரக் கம்பிகளோ ஐம்பது வருஷத்து வெயிலையும் மழையையும், அவற்றைவிடக் கொடிய மெக்கானிக்குகளின் கருணையையும் தாங்கியாக வேண்டும்.

என் தகப்பனார் 1968-ல் வாங்கிய புல்லட் எங்கள் வீட்டில் இருக்கிறது. திருவொற்றியூரில் உற்பத்தியானது. 1955-ல் ஏற்பட்ட கம்பெனி அது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்களைத் தருவித்துப் பூட்டியவர்கள், சில வருஷங்களுக்குள் அவற்றை இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். சென்ற கோடை விடுமுறையில் அந்த வண்டியின் வயரிங்கை எளிமையாக்குவது என்று தீர்மானித்தேன்.

ஹெட்லைட்டுக் கூட்டைத் திறந்ததும் பல வர்ணக் கம்பிகள் இடியாப்பம்போல் சரிந்து விழுந்தன. இரண்டாவது ஹாரனுக்கு ஒன்று. மூடுபனி விளக்குக்கு ஒன்று. எதற்கென்றே தெரியாதவை ஐந்தாறு. ஒருவர் போட்டதை அடுத்தவர் பிரித்ததில்லை. அதன்மேல் டேப்பைச் சுற்றிவிட்டுத் தம் கம்பியையும் போட்டிருக்கிறார். எண்ணிப் பார்த்ததில் 43 முடிச்சுக்கள்!

உண்மையில் வண்டிக்கு வேண்டிய பாதை மிகச் சுருக்கமானது. ஆல்டர்னேட்டரில் உண்டாகும் மின்சாரம் திசை மாறிக்கொண்டேயிருக்கும். அதை ரெக்டிபையர் ஒரே திசையில் திருப்பிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், அம்மீட்டர், பிறகு சாவி. சாவியிலிருந்து காயிலுக்கு ஒரு கிளை, விளக்குகளுக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று. திரும்பி வருவதற்குத் தனிக் கம்பி அவசியமில்லை. வண்டியின் இரும்புச் சட்டமே அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் துருவும் பெயிண்டும் நடுவில் நின்றால் செய்யாது. எர்த் பூட்டும் இடத்தை உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டவேண்டும்.

முடிச்சுக்கள் மிகுந்தால் என்ன மோசம் என்று கேட்கலாம். வாத்தியார் என்பதால் ஒரு கணக்குச் சொல்ல அனுமதிக்கவேண்டும். 6 வோல்ட் வண்டியில் 36 வாட் விளக்கு எரிய 6 ஆம்பியர் ஓடவேண்டும். வழியிலுள்ள முடிச்சுக்களெல்லாம் சேர்ந்து ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை செய்தாலும் 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். பத்தில் ஒன்றுதானே என்று அலட்சியம் செய்யலாகாது. வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்துவிடுகிறது. அதே விளக்கு 12 வோல்ட்டில் எரிந்தால் நஷ்டம் நாற்பதில் ஒரு பங்குதான். பழைய வண்டிகளின் ஹெட்லைட் அகல்விளக்காக எரிவதன் ரகசியம் இதுவே.

ஆசனத்தின் கீழிருந்து இரண்டு தடித்த கம்பிகள் வந்து, எங்கும் போகாமல் முடிந்திருந்தன. உதவிக்கு வந்த கிழ மேஸ்திரி, "இது வீண் ஸார், அறுத்துவிடுங்கள்" என்றார்.

"அதைத் தொடாதேடா!" என்று திண்ணையிலிருந்து என் தாயாரின் குரல் கேட்டது.

தகப்பனார் சுகாதார இன்ஸ்பெக்டராக நாகப்பட்டினம் பக்கத்தில் இருந்தவர். 1977 நவம்பர் 12-ல் அடித்த பெரும் புயலுக்குப் பிறகு, எங்கும் இருட்டு. ஜனங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்து வாசலில் வண்டியை நிறுத்தி, அந்தக் கம்பிகளில் ஒரு கை விளக்கை மாட்டினாராம். பேட்டரி ஓய்ந்துவிடாமலிருக்க இஞ்சினை ஓடவிட்டு, பெட்ரோல் தீரும்வரை குழந்தைகளுக்கு ஊசி போட்டார்களாம்.

"விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான்" என்றாள் அம்மா. நாற்பது வருஷத்துக்கு மேலாக இதை எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேட்கவில்லையே" என்றாள்.

தொழிற்சாலையில் போடாத கம்பி எல்லாம் குப்பை என்று வாதிக்கும் பழவண்டிப் பிரியர்கள் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. மூடுபனி விளக்கும் இரண்டாவது ஹாரனும் போயின. திரும்பும் விளக்குகள், இன்றைய சாலைகளையும் போலீஸாரையும் உத்தேசித்து, இருக்கின்றன. 43 முடிச்சுக்கள் 14 ஆயின. அவ்வளவையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தோம். ஆசனத்தின் கீழுள்ள கம்பிகளுக்குப் புது உயிர் கொடுத்து, தனியாக ஒரு 5 ஆம்பியர் ஃப்யூஸும் வைத்தேன்.

கை விளக்கை ஏற்றி அம்மாவிடம் கொடுத்தேன். தோளுயரத்துக்கு அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"வயர் போதாது. பெஞ்சு வரைக்கும் எட்டவேண்டாமா?" என்றாள்.