சைக்கிள் பார்ட்ஸ்: எதுக்குக் காசு போடலாம்?

1/ "டாக்டர், நடந்தா முட்டி வலிக்குது. சைக்கிள் ஓட்டலாமா?" பெரும்பாலானவங்க ஓட்டலாம். அடுத்த கேள்வி உடனே வரும்: "காஸ்ட்லி கியர் வாங்கணுமா?"

2/ ஷிமானோ ரோடு கியர்களில் கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டூரா-ஏஸ் என்று படிகள் உண்டு. மேலே போகப் போக கியர் வழுக்கிக்கிட்டு மாறும், எடை குறையும். ஆனால் ஒரு படிக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் சில நூறு கிராம்தான். ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் அதைவிட கனம். ரேஸ் ஓட்டுறவங்களுக்கு அது முக்கியம். நமக்கு இல்லை.

3/ காசு போட வேண்டியது பிரேக்குக்கும் டயருக்கும். மழையில் நனைந்த ரிம்மை மட்டமான பிரேக் கட்டை சட்டுனு பிடிக்காது. விழுந்தா கையைத்தான் ஊன்றுவோம், மணிக்கட்டு உடையும். ஆபரேஷன் செலவோடு பார்த்தா நல்ல பிரேக் கட்டை விலை ஒண்ணுமே இல்லை.

4/ சீட்டில் விலையைப் பார்க்காதீங்க, அகலம் பொருந்துதான்னு பாருங்க. ஓட்டும்போது மரத்துப்போனா நரம்பு அழுந்துதுன்னு அர்த்தம். சீட் ரொம்ப தாழ்வா இருந்தா முட்டியின் முன்பக்கம் வலிக்கும். உயர்த்த ஒரு ஸ்பேனர் போதும்.

5/ செயினைத் துடைச்சு எண்ணெய் விடுங்க. தேய்ந்த செயின் பல்சக்கரத்தையும் தின்னுடும், அது எவ்வளவு காஸ்ட்லியா இருந்தாலும்.

6/ வாரம் 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் சொல்றது இது. பணம் சேரட்டும்னு தள்ளிப்போடும் ஒவ்வொரு மாசமும் சர்க்கரையும் பிரஷரும் காத்திருக்காது. வீட்டில் நிற்கும் பழைய சைக்கிளுக்குப் புது பிரேக் கட்டையும் டயரும் போட்டு, இந்த வாரமே ஆரம்பிங்க.