பட்டியலில் ஒரு பெயர்

"உனக்கும் மிலான் நகருக்கும் என்னப்பா உறவு?" என்று என்னைக் கேட்காத நண்பர்கள் இந்த விடுதியில் குறைவு. உண்மையைச் சொன்னால் உறவு ஒன்றும் இல்லை. இத்தாலி நாட்டை நான் கண்டதில்லை. காணும் வசதியும் இப்போதைக்கு இல்லை. ஆயினும் அந்நகரத்து இண்டர்நாசியோனாலே கால்பந்துக் கழகத்தின் ஆட்டக்காரர் பட்டியலைச் சட்டை எண்ணும் சொந்த ஊரும் பிசகாமல் ஒப்பிப்பேன். சிலர் சினிமா நடிகர்களின் படங்களை வரிசையாக ஒப்பிப்பதில்லையா? அதைப் போன்ற ஒரு பைத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்பர்களே, இந்தப் பைத்தியத்தால் எனக்குக் கொஞ்சம் அறிவும் நிறைய வெட்கமும் விளைந்தன. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

2025ஆம் ஆண்டு மே 6. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். மிலானில் இரவு ஒன்பது மணி என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை. விடுதிப் பொதுக்கூடத்தில் ஐவர் இருந்தோம். அவருள் மூவர் நாற்காலியிலேயே உறங்கிவிட்டனர். விழித்திருந்தவர்கள் நானும், எனக்கு ஓராண்டு இளையவரான கோவை நண்பர் ஒருவரும்தாம். எதிரி பார்சிலோனா. முதல் ஆட்டம் 3-3 என்று சமமாக முடிந்திருந்தது.

தொண்ணூறு நிமிடமும் முடிந்து, மேற்கொண்டு கொடுத்த சில நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. 2-3 என்று இண்டர் பின்தங்கியிருந்தது. டம்ஃப்ரீஸ் என்னும் டச்சுக்காரர் வலப்புறத்திலிருந்து பந்தைக் குறுக்கே செலுத்தினார். அதைக் கோலாக்கியவர் முன்னணி ஆட்டக்காரர் அல்லர். முப்பத்தேழு வயதான பின்காப்பு வீரர் அச்செர்பி. புற்றுநோயிலிருந்து இருமுறை மீண்டவர் அவர். கூடுதல் நேரத்தில் துராம் என்னும் பிரெஞ்சுக்காரர் பந்தை இழுத்து வந்தார். தரேமி என்னும் ஈரானியர் அதைத் தட்டிக் கொடுத்தார். ரோமாபுரியில் பிறந்த ஃப்ராத்தேசி கோலடித்தார். அதன்பின் வந்த பந்துகளையெல்லாம் சோமர் என்னும் ஸ்விஸ்காரர் தடுத்தார். ஆட்டம் 4-3. விடியற்காலை மூன்று மணிக்கு நாங்கள் போட்ட கூச்சலில் உறங்கியவர் மூவரும் விழித்து எங்களைத் திட்டினார்கள்.

(அம்மாதம் 31ஆம் நாள் மியூனிக் நகரில் நடந்த இறுதிப் போட்டியில், பாரிஸ் அணியிடம் இண்டர் 0-5 என்று தோற்றது. அதை விரித்தெழுத என் பேனா மறுக்கிறது.)

கூச்சல் அடங்கியதும் கோவை நண்பர் கேட்டார்: "ஏனுங்கண்ணா, இந்த டீம்ல இத்தாலிக்காரங்க எத்தனை பேருங்க?"

எண்ணினோம். முதலில் களமிறங்கிய பதினொருவரில் இத்தாலியர் நால்வரே: அச்செர்பி, பஸ்தோனி, பரேல்லா, திமார்க்கோ. மற்ற எழுவரும் ஏழு நாட்டார். ஸ்விஸ், ஜெர்மானியர், டச்சு, துருக்கியர், ஆர்மீனியர், அர்ஜெண்டீனர், பிரெஞ்சுக்காரர். "அப்ப இது எந்த ஊர் டீமுங்க?" என்று சிரித்தார் நண்பர். அன்று நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கழகத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

இக்கேள்வியிலிருந்துதான் அந்தக் கழகமே பிறந்தது என்று அப்போது அறிந்தேன். மிலானில் 1899இல் ஒரு கழகத்தைத் தோற்றுவித்தவர்கள் ஆங்கிலேயர்கள். ஒன்பதே ஆண்டுகளில் அதே கழகத்தில், வெளிநாட்டாரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சச்சரவு மூண்டது. வெளிநாட்டார் கட்டிய வீட்டில் வெளிநாட்டாருக்கு இடமுண்டா என்ற விவாதம்! அதில் மனம் கசந்து பிரிந்தவர்கள் 1908 மார்ச் 9ஆம் நாள் இரவு ஓர் உணவு விடுதியில் கூடினர். உலகத்தார் அனைவரும் தம் உடன்பிறந்தார் என்ற கருத்தில், புதிய கழகத்துக்கு 'இண்டர்நாசியோனாலே' என்று பெயரிட்டனர். முஜ்ஜானி என்னும் ஓவியர் சின்னம் வரைந்தார். அன்றிரவு வானத்தின் கருப்பும் நீலமுமே கழகத்தின் நிறங்களாயின என்பர்.

அந்தப் பெயரைப் பாசிச ஆட்சி பொறுக்கவில்லை. 1928இல் மற்றொரு கழகத்துடன் இணைக்கச் செய்து, 'அம்ப்ரோசியானா' என்று பெயரை மாற்றினார்கள். போர் முடிந்த 1945இல்தான் பழைய பெயர் மீண்டது. பெயர் மாறியிருந்த அந்தக் காலத்தில், 1930இல், கழகத்துக்கு வெற்றிக் கோப்பை தேடித் தந்த பயிற்சியாளர் ஆர்ப்பாத் வைஸ். ஹங்கேரி நாட்டு யூதர். மிலானிலேயே பிறந்த மெயாத்ஸா என்ற சிறுவனைப் பதினேழு வயதில் களத்தில் இறக்கிப் பெரிய ஆட்டக்காரனாக்கியவர் அவரே. இன்று மிலான் விளையாட்டரங்கம் மெயாத்ஸாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வைஸ் என்ன ஆனார்? 1938இல் வந்த இனச் சட்டங்கள் அவரை இத்தாலியிலிருந்து விரட்டின. அவருடைய மனைவியும் இரு குழந்தைகளும் 1942இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டனர். அவர் 1944 ஜனவரியில் அங்கேயே மாண்டார். 'இவன் நம்மவன் அல்லன்' என்ற சொல் எவ்வளவு தூரம் நடக்க வல்லது என்பதை நான் அந்த வரலாற்றில் கண்டேன்.

இனி என் வெட்கத்துக்கு வருகிறேன்.

அதே ஆண்டு, பல்கலைக்கழகத்திலுள்ள மொழிவழிச் சங்கங்களுக்கிடையே எழுவர் கால்பந்துப் போட்டி அறிவித்தார்கள். நம் சங்கத்தின் பட்டியலை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. கோல்காப்பாளர் இடத்தில் எண்ணிப் பாராமலே கோவை நண்பரின் பெயரை எழுதினேன். செயற்குழுவில் ஓர் அன்பர் எழுந்தார். "இந்தப் பெயரைப் படித்துப் பாருங்கள். தமிழ்ப் பெயரா? தமிழ்ச் சங்கத்து அணியில் தமிழரல்லாதார் ஏன்?" என்றார்.

நண்பரின் தந்தையார் பீகாரிலிருந்து கோவைக்குப் பவுண்டரி வேலைக்கு வந்தவர். நண்பர் கைக்குழந்தையாக வந்து சேர்ந்தார். பள்ளிப்படிப்பு முழுவதும் கோவையில். தமிழில் எழுதுவார், படிப்பார்; கோபம் வந்தால் தமிழில்தான் திட்டுவார். இங்குள்ள வடநாட்டு மாணவர்களோ அவருடைய இந்தியைக் கேட்டு 'மதராஸி' என்று நகைக்கிறார்கள். இவை அத்தனையும் எனக்குத் தெரியும். அந்த அறையில் வேறு யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் நான் பேசவில்லை. விவாதம் நீளும், உணவுக்கூடம் மூடிவிடும் என்று என் மனம் ஏதோ சாக்குச் சொல்லியது. பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்தேன். எதிர்த்துப் பேசியவர் அடிக்கவில்லை, நான் அடித்தேன்.

மறுநாள் மாடிப்படியில் அவரைக் கண்டேன். செய்தி முன்னமே எட்டிவிட்டது. "பரவாயில்லீங்கண்ணா, அடுத்த வருசம் பார்த்துக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கடிந்து பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முதல் சுற்றிலேயே தோற்றோம். வென்றிருந்தாலும் என் மனநிலை மாறியிராது.

எதிர்த்த அன்பரை நான் இங்கே குறைகூற வரவில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. வெளியார் வந்து நிறைந்தால் வீட்டுப் பிள்ளைக்கு இடமேது என்ற அச்சம் இத்தாலியிலும் இருக்கிறது. 1966 உலகக் கோப்பையில் வடகொரியாவிடம் தோற்றபின், வெளிநாட்டு ஆட்டக்காரரைக் கொண்டுவருவதற்கே இத்தாலியர் தடை விதித்தனர். 1980 வரை அத்தடை நீடித்தது. 1982இல் உலகக் கோப்பையை வென்றார்கள். கதவு திறந்தபின் நேர்ந்ததையும் பாருங்கள். 2010 மே 22இல் மாட்ரிட் நகரில் பயர்ன் மியூனிக் அணியை 2-0 என்று வென்று, ஐரோப்பாவின் மிகப் பெரிய கோப்பையை இண்டர் பெற்றது. அன்று முதலில் களமிறங்கிய பதினொருவரில் ஓர் இத்தாலியர்கூட இல்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் மாற்று ஆட்டக்காரராக மத்தேராத்ஸி ஒருவர் இறங்கினார், அவ்வளவே. 2018, 2022 உலகக் கோப்பைகளுக்கு இத்தாலி தகுதியே பெறவில்லை. வீட்டுப் பிள்ளைகளுக்குக் களம் கிட்டாததே காரணம் என்பார் அங்கே பலர். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

பெயரை மட்டும் உலகளாவியதாக வைத்துக்கொண்டால் உள்ளம் விரிந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2018 டிசம்பர் 26 அன்று, நாப்போலி அணியின் கூலிபாலி என்னும் கருப்பின வீரரை இண்டர் அரங்கில் இருந்த கூட்டத்தில் ஒரு பகுதி குரங்கொலி எழுப்பி இழிவுபடுத்தியது. அதற்குத் தண்டனையாக இரண்டு ஆட்டங்களை ஆளில்லா அரங்கில் ஆடும்படி கழகத்துக்கு உத்தரவிடப்பட்டது. 'உடன்பிறந்தார்' என்று சொல்லிப் பிறந்த கழகம்! நம் சங்கக் கூட்டங்களிலும் யாதும் ஊரே என்று மேடையில் முழங்குகிறோம். மேடையை விட்டு இறங்கியதும் பட்டியலில் பெயரை அடிக்கிறோம்.

அப்படியானால் யாரை நம்மவர் என்று சொல்வது? இதற்கு இத்தாலியர் கண்ட ஒரு வழி எனக்குப் பிடித்திருக்கிறது. 2015-16 பருவம் முதல் அங்கே முதல்தரக் கழகம் ஒவ்வொன்றும் இருபத்தைந்து பேர் கொண்ட பட்டியலைப் பதிய வேண்டும். அதில் நான்கு இடம் அந்தக் கழகத்திலேயே வளர்ந்தவருக்கு. இன்னும் நான்கு இடம் இத்தாலியக் கழகங்களில் வளர்ந்தவருக்கு. இருபத்திரண்டு வயதுக்குட்பட்ட இளைஞருக்கு இந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. வளர்ந்தவர் என்றால் யார்? பதினைந்து வயதுக்கும் இருபத்தொரு வயதுக்கும் இடையில் மூன்று பருவமேனும் அங்கே ஆடிப் பயின்றவர். எந்த நாட்டில் பிறந்தார், தகப்பனார் பெயர் என்ன என்று விதி கேட்பதில்லை.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டியலைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. அந்த அரையிறுதியில் ஆடிய துராம் பிறந்தது இத்தாலியின் பார்மா நகரில். அவருடைய தந்தையார் அப்போது அங்கே ஆடிக்கொண்டிருந்தார். பிறந்தது இத்தாலியானாலும் ஆட்டக்காரராக வளர்ந்தது பிரான்சில். ஆகவே இந்தக் கணக்கில் அவர் வீட்டுப் பிள்ளை அல்லர். 2010இல் கோப்பை வென்ற பதினொருவரில் ஒருவரான பாண்டெவ் மாசிடோனியர். பதினெட்டு வயதில் இத்தாலிக்கு வந்து அங்கேயே ஆடி ஆளானவர். அன்றைக்கு இந்த விதி இருந்திருந்தால் அவர் வீட்டுப் பிள்ளை. மிலானில் பிறந்து சிறுவயதிலிருந்தே இண்டரில் வளர்ந்த திமார்க்கோவுக்கும் இதில் குறையில்லை. அவர் ஊர் ஊராக மற்றக் கழகங்களுக்கு அனுப்பப்பட்டு, 2021க்குப் பிறகே சொந்தக் கழகத்தில் நிலையான இடம் பெற்றார். மண்ணின் மகனுக்கும் இடம் தானாக வந்துவிடவில்லை.

பதினைந்து முதல் இருபத்தொன்று! அது நம் வயதல்லவா, நண்பர்களே? மனிதன் எங்கே பிறப்பது என்பது அவன் கையில் இல்லை. அந்த வயதில் எந்த மொழியில் சண்டையிட்டான், யாரோடு பந்தடித்தான், யார் தோற்றபோது அழுதான் என்பதே அவனை ஓர் ஊர்க்காரனாக்குகிறது. அந்தக் கணக்கின்படி கோவை நண்பரைவிட நம்மவர் யார்? அதே கணக்கின்படி, இந்த வடநாட்டு நகரத்தில் மூன்றாண்டு கழித்த நம்மையும் இவ்வூர் தன் பிள்ளைகளாக எண்ணக் கடமைப்பட்டிருக்கிறது. 'மதராஸி' என்ற சொல் நம் காதில் விழும்போது கசக்கிறது. அப்படியிருக்க, அதே கசப்பை நாம் இன்னொருவர் தட்டில் பரிமாறலாமா?

அடுத்த பொதுக்குழுவில் ஒரு சிறு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். 'தமிழ்நாட்டிலோ தமிழ் பேசும் வேறிடத்திலோ மூன்றாண்டு பயின்றவர், தமிழில் பேச வல்லவர், எவராயினும் சங்கத்து அணியில் ஆடலாம்.' இவ்வளவுதான். எதிர்த்த அன்பரும் வரவேண்டும். அவர் வாதத்தை அவையில் கேட்க வேண்டும். இம்முறை நான் வாய் திறப்பேன்.

தீர்மானம் வெல்லுமோ தோற்குமோ, அறியேன். கோவை நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை எந்தத் தமிழில் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய கோவைத் தமிழ் எனக்கு வாயில் வராது.