கல்லில் எழுதிய குக்கி

நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் கிரீன்வுட் என்று ஒரு பெரிய இடுகாடு இருக்கிறது, 1838இல் ஏற்பட்டது. 2009இல் இறந்துபோன ஒரு பெண்மணியின் கல்லறைக் கல்லை அங்கே திறந்த புத்தகமாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதில் இருப்பது ஸ்பிரிட்ஸ் என்ற வெண்ணெய்க் குக்கிக்கு வேண்டிய சாமான்கள்: ஒரு கப் வெண்ணெய் அல்லது மார்ஜரின், முக்கால் கப் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் வெனிலா, ஒரு முட்டை, இரண்டேகால் கப் மைதா, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரைக்கால் டீஸ்பூன் உப்பு. அமெரிக்காவில் இப்படிச் சமையல் குறிப்பு பொறித்த கல்லறைகள் இன்னும் பல உண்டு. அயோவா மாநிலத்துக் கேஸ்கேட் ஊரில் ஒரு கல்லில் கிறிஸ்துமஸ் குக்கி, யூட்டா மாநிலத்து லோகன் ஊரில் இன்னொன்றில் ஃபட்ஜ். ஆவணக் காப்பகத் துறையில் படித்த ரோஸி கிராண்ட் என்பவர் இவற்றைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றாகச் செய்துபார்த்து, 2025இல் சமையல் புத்தகமாகவே கொண்டுவந்துவிட்டார். கல்லில் ஏறியவை கொஞ்சம்தான். வெண்ணெய்க் கறை படிந்த அட்டையாகத் தகர டப்பாவுக்குள் கிடப்பவையே அதிகம். வீட்டில் ஒருவர் போன பிறகு வரும் கிறிஸ்துமஸில் அந்த அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ குக்கி சுடுவது அங்கே பல குடும்பங்களில் ஒரு சடங்குபோல நடக்கிறது. எதற்கு என்று கேட்டால், அந்தப் பழைய ருசி திரும்பக் கிடைக்கும் என்பதுதான் வழக்கமான பதில். எனக்கு இந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. ருசி திரும்பாது. அவர் செய்த வேலையைத்தான் திரும்பச் செய்ய முடியும். நினைவுகூர்தல் என்று அந்த அடுக்களையில் நடப்பதும் அந்த வேலைதான்.

ருசி ஏன் திரும்பாது என்பதற்குப் பெரிய தத்துவம் வேண்டாம். கடைக்குப் போனால் போதும். போன நூற்றாண்டின் அமெரிக்கக் குக்கிகளில் எத்தனையோ கிரிஸ்கோவை நம்பிச் செய்யப்பட்டவை. தாவர எண்ணெயைக் கெட்டியாக்கி 1911இல் சந்தைக்கு வந்த கொழுப்பு அது. கெட்டியாக்கும் அந்த முறையில்தான் டிரான்ஸ் கொழுப்பு உண்டானது. அது இதயத்துக்குக் கேடு என்று தெரிந்த பிறகு கிரிஸ்கோவின் கலவையை மாற்றினார்கள். 2015இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அவ்வகைக் கொழுப்புக்கே முற்றுப்புள்ளி வைக்கும் முடிவை அறிவித்து, 2018இலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆக, 1960இல் ஒரு பாட்டி அட்டையில் எழுதிய 'ஒரு கப் கிரிஸ்கோ' இன்றைக்கு எந்தக் கடையிலும் கிடையாது. பெயர் அதேதான், டப்பாவுக்குள் இருக்கும் பொருள் வேறு. கொழுப்பு மாறினால் ஓவனுக்குள் மாவு பரவுவதும், ஆறிய பிறகு வாயில் உடைவதும் மாறும். கப் என்ற அளவும் அப்படித்தான். ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட பாஸ்டன் சமையல் புத்தகத்தில் விளிம்போடு வழித்துவிட்ட மட்டமான கப்பையே அளவாக வைக்கச் சொன்னார்; அமெரிக்கச் சமையலறை அதையே பிடித்துக்கொண்டது. ஆனால் மேலே வழித்து என்ன, உள்ளே மாவு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைக் கப் சொல்லாது. கரண்டியால் அள்ளித் தூவி நிரப்பினால் ஏறக்குறைய 120 கிராம்; பையில் கப்பை விட்டு அப்படியே மொண்டால் 150 வரை போகும். இரண்டேகால் கப்புக்கு இந்த வித்தியாசத்தைப் பெருக்கிப் பாருங்கள். இரண்டும் இரண்டு பண்டம். இதற்கெல்லாம் மேலே சாப்பிடுகிற நாக்கு வேறு இருக்கிறது. ஏழு வயதில் பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வந்த நாக்கை எந்த அட்டையிலும் எழுதிவைக்க முடியாது.

வாசனை இருக்கிறதே என்று இங்கே ஒருவர் மறிப்பார். நியாயமான மறிப்புதான். மற்ற புலன்களின் செய்தி மூளைக்குள் தலாமஸ் என்ற இடத்தைத் தொட்டுத்தான் போகிறது. வாசனை மட்டும் மூக்கிலிருந்து அநேகமாக நேராகவே உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்குப் போய்ச் சேர்கிறது. வெனிலாவும் வெண்ணெயும் சூடாகும் வாசம் வந்த நொடியில் ஆள் கண்முன் நிற்பதாகச் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சான்று என் பக்கத்துக்குத்தான் சாதகம். அந்த வாசத்துக்குக் குடும்பக் குறிப்பு எதற்கு? எந்தப் பேக்கரி வாசலில் நின்றாலும் அது கிடைக்கும். நினைவைக் கிளப்புவது மட்டும்தான் நோக்கம் என்றால், அரை நாள் மாவோடு போராடுவது வீண். தெரிந்தும் போராடுகிறார்களே, அப்படியானால் அவர்களுக்கு வேண்டியது வாசத்தைத் தாண்டிய ஏதோ ஒன்று.

அது என்ன என்பதைக் குறிப்பில் விட்டுப்போன இடங்களே காட்டிக்கொடுக்கின்றன. கிரீன்வுட் கல்லில் சாமான் பட்டியல் உண்டு, செய்முறை ஒரு வரிகூட இல்லை. ஸ்பிரிட்ஸ் என்பது கையால் உருட்டித் தட்டுகிற குக்கி அல்ல. நம் முறுக்கு அச்சைப் போன்ற ஒரு குழலில் மாவை அடைத்து, பூவாகவும் நட்சத்திரமாகவும் தட்டில் பிழிந்துவிடுவது. ரோஸி கிராண்ட் முதன்முதலில் இதைச் செய்தபோது பிழியவே இல்லை. அச்சு வேண்டும் என்று தெரிந்தவர்கள் பிறகுதான் அவருக்குச் சொன்னார்கள். அச்சு கையில் இருந்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டியாயிற்று. தட்டில் நெய் தடவக்கூடாது, காகிதமும் விரிக்கக்கூடாது. மாவு தட்டைப் பிடித்துக்கொண்டால்தான் அச்சைத் தூக்கும்போது கழன்று நிற்கும். தட்டு சூடாக இருக்கவும் கூடாது. போன ஈடு எடுத்த தட்டிலேயே அவசரப்பட்டு அடுத்ததைப் பிழிந்தால் வெண்ணெய் இளகி, பூ பூவாக நிற்காது, மாவு அச்சோடு திரும்பி வந்துவிடும். மாவு ரொம்பக் குளிர்ந்துபோனாலோ பிழிகிற மணிக்கட்டு வலிக்கும். இதில் ஒன்றுகூடக் கல்லில் இல்லை. எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள் என்று தோன்றவில்லை. செய்கிறவர்களுக்குச் செய்முறை எழுதும் பொருளாகவே படுவதில்லை. அது கைக்குத் தெரியும், அவ்வளவுதான். அதனால் இந்தக் குறிப்பை நம்பி இறங்குகிறவர் ஒரு ஈட்டையாவது கெடுத்தாக வேண்டும். கெடுக்கும்போதுதான் அந்தப் பெண்மணி ஒவ்வொரு டிசம்பரிலும் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது புரிய ஆரம்பிக்கும். தின்ற காலத்தில் அது தெரிந்திருக்காது.

இதைவிடக் கடுமையான சான்று ஒன்று உண்டு. செக் நாட்டுத் தெரெசின் நகரத்தில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்தபோது, அங்கே பட்டினி கிடந்த பெண்கள் தங்கள் வீட்டுக் கேக், இனிப்பு வகைகளின் குறிப்புகளை நினைவிலிருந்து எழுதிவைத்தார்கள். 1944இல் அங்கேயே இறந்த மீனா பேக்டர் அந்தக் கையெழுத்துப் பிரதியை மகளிடம் சேர்க்கும்படி ஒரு நண்பரிடம் ஒப்படைத்தார். கைமாறிக் கைமாறி நியூயார்க்கில் இருந்த மகளிடம் அது போய்ச்சேரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1996இல் காரா டி சில்வா பதிப்பித்து நூலானது. அதில் பல குறிப்புகள் அரைகுறை. சில இடத்தில் சாமான் விட்டுப்போயிருக்கிறது, சில இடத்தில் ஒரு படி. மாவும் வெண்ணெயும் முட்டையும் இல்லாத இடத்தில், அடுப்பே இல்லாதவர்கள் எழுதியது. ருசியை மீட்பதுதான் குறிப்பின் பயன் என்றால் இந்த நூல் தோற்றுப்போன நூல். அதைப் படித்த யாரும் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார்கள். நான் இந்தக் கையால் இன்னின்னது செய்துகொண்டிருந்தவள் என்ற சாட்சி அது.

நம் ஊர்ப் படையலோடு இதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். திதியிலோ அமாவாசையிலோ இலை போடும்போது, போனவர் விரும்பிச் சாப்பிட்டதை வைக்கிறோம். சில வீடுகளில் சுருட்டும்கூட வரும். அங்கே இறந்தவர் விருந்தாளி, நாம் பரிமாறுகிறோம். குக்கி சுடும் சடங்கில் இறந்தவர் பரிமாறியவர். அவருக்குப் பிடித்ததா என்பது கேள்வியே இல்லை. பல வீடுகளில் சுட்டவர் அதைத் தின்றிருப்பாரா என்பதே சந்தேகம். அவர் நின்ற இடத்தில் இன்னொருவர் போய் நிற்கிறார். ஒன்றைவிட மற்றொன்று உயர்ந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டாவதில் ஆள் மாற்றி நிற்பதுதான் காரியம், பண்டம் அதற்குச் சாக்கு.

சரி, அந்தக் குறிப்பே அவருடையதாக இல்லாவிட்டால்? இது அடிக்கடி நடப்பது. மாசசூசெட்ஸ் மாநிலத்து விட்மன் ஊரில் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்டு 1930களில் செய்த சாக்லேட் துண்டுக் குக்கியின் குறிப்பை நெஸ்லே நிறுவனம் தன் சாக்லேட் பொட்டலத்திலேயே அச்சடித்து விற்றது. பாட்டியின் ரகசியம் என்று நினைத்துப் பொத்திவைத்தது கடைசியில் பொட்டலத்தின் முதுகிலிருந்து எடுத்ததுதான் என்று தெரியவந்த பேரன் பேத்திகள் அங்கே ஏராளம். ஏமாந்துவிட்டோம் என்று சிலர் சுருங்கிப்போகிறார்கள். எனக்கு இதில் சுருங்க எதுவும் தெரியவில்லை. குறிப்பு நெஸ்லேயுடையது, முப்பது வருஷம் நின்ற கால் நெஸ்லேயுடையது இல்லையே.

இன்னும் கனமான எதிர்ப்பு வேறு. ஒரு பெண்ணின் ஆயுளுக்கு மிச்சம் ஒரு குக்கிதானா? அவளுக்கு வேறு வேலை, வேறு எண்ணம், வேறு சினம் எதுவும் இருந்ததில்லையா? குறிப்பு பொறித்த கற்கள் பெரும்பாலும் பெண்களுடையவை என்பது தற்செயல் அல்ல. அடுக்களையை அவர்கள் தலையில் கட்டிய ஏற்பாடு கல்லறை வரைக்கும் கூடவே வருகிறது. இதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் ருசியைப் புகழ்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி எறியும் சங்கடம் ஒன்று, வேலையைப் பார்க்கிறவர்களுக்கு எறியும் சங்கடம் வேறு. அம்மா கைமணம் என்று சப்புக்கொட்டினால் அந்தக் கை பட்ட பாடு மறைந்துபோகும். சோபாவில் உட்கார்ந்து அவர் நினைவாகத் தின்கிற மகன் நினைவுகூரவில்லை, முன்பு தின்ற மாதிரியே தின்கிறான். அதே மகன் மூன்றாவது தட்டு ஆறுவதற்குக் காத்து நிற்கும்போது, இது எவ்வளவு சம்பளமில்லாத உழைப்பு என்று கணக்குப் போட வேண்டியிருக்கும். அநீதி அதனால் தீர்ந்துவிடாது. குறைந்தபட்சம் கண்ணில் படும்.

வேலைதான் சாரம் என்று ஒத்துக்கொண்டால், குறிப்பை ரகசியமாகப் பொத்திவைக்கும் பழக்கத்துக்கும் நியாயம் இல்லாமல் போகிறது. ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டால் அது நம் குடும்பத்துடையது என்பது போய்விடுமே என்பார்கள். சாமான் பட்டியலைக் கொடுத்தால் போய்விடுவது ஒன்றுமில்லை. கொடுக்காவிட்டால், கடைசியாகத் தெரிந்தவர் போகும்போது எல்லாமே போகும். யூட்டாவின் ஃபட்ஜ் கல்லில் முதலில் வெனிலாவின் அளவைத் தப்பாகப் பொறித்துவிட்டார்கள். டீஸ்பூன் இருக்க வேண்டிய இடத்தில் டேபிள்ஸ்பூன், அதாவது மும்மடங்கு. பிறகு திருத்தினார்கள். கல்லைத் திருத்த முடிந்தது, சரியான அளவு தெரிந்தவர்கள் உயிரோடு இருந்ததால். பாட்டியோ அத்தையோ இன்னும் அடுப்படியில் நிற்கும் வீடுகளில் அளவை எழுதிக்கொள்ள அவசரம் இல்லை, அது எப்படியும் எங்காவது அச்சில் இருக்கும். மாவு எந்தப் பதத்துக்கு வந்தால் கையை எடுப்பார், ஓரம் எந்த நிறத்துக்கு வந்தால் தட்டை இழுப்பார், அச்சு சிக்கினால் என்ன செய்வார் என்பதைப் பக்கத்தில் நின்று, ஒரு ஈட்டையாவது தாமே பிழிந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.