பத்தியின் பெயரும் பொருளும்

நாமக்கல் வட்டாரத்தில் கோழிப் பண்ணைகளுக்கும் முட்டை வியாபாரிகளுக்கும் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுக்கும் எங்களுக்கு, அண்மைக் காலத்தில் ஒரு நூதனமான எழுத்து வேலை வாய்த்திருக்கிறது. சென்ற மாதம் எந்த ஷெட்டில் முட்டை குறைந்தது என்று பண்ணை முதலாளி கேட்டால், ஏஐ ஏஜென்ட் தானே தரவுத்தளத்தை ஆராய்ந்து விடை கூற வேண்டும். அதற்கு முன், எந்தெந்த டேபிள்கள் உள்ளன, அவற்றில் என்னென்ன பத்திகள் உள்ளன என்பதை அது அறிய வேண்டும். அதை அறிவிக்கும் கருவியை நாங்கள் அமைக்கிறோம். 2024 நவம்பரில் வெளிவந்த, ஏஐ மாடல்களைக் கருவிகளோடு இணைக்கும் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் ஏற்பாட்டில், கருவியின் பெயரும் அதன் விவரணமும் உள்ளீடுகளின் அமைப்புமே பிரதானமாக ஏஜென்ட்டை இயக்கும் மாடலின் பார்வைக்குச் செல்கின்றன; உள்ளே நாங்கள் இயற்றிய நிரல் அதற்குப் புலப்படுவதில்லை. ஆகையால் அந்த நாலைந்து வாக்கிய விவரணத்தை நம்பியே அது நடக்கிறது.

டேபிள்களின் அமைப்பைப் பெற்றுத் தருவது சிரமமான காரியமன்று. டேபிள்களைப் பற்றிய விவரங்களும் டேபிள்களாகவே இருந்து, தரவைக் கேட்கும் அதே மொழியால் கேட்கத் தக்கனவாக இருக்க வேண்டும் என்று தரவுத்தள அறிஞர் எட்கர் காட் 1985இல் விதியே வகுத்தார்; 1992இன் எஸ்.க்யூ.எல். தரம் அதற்கு இன்ஃபர்மேஷன் ஸ்கீமா என்ற இடத்தை நியமித்தது. ஆனால் அங்கே கிடைப்பது பத்தியின் பெயர், வகை போன்றவையே; பொருள் கிடைப்பதில்லை.

எங்கள் ஊர்க் கணக்கில் இந்தக் குறை மிகவும் பெரியது. 'அளவு' என்று ஒரு பத்தி இருந்து, அதன் வகை முழு எண் என்று மட்டும் தெரிந்தால், அது முட்டையின் எண்ணிக்கையா, 30 முட்டை கொண்ட அட்டையா, ஏழு அட்டை அடங்கிய 210 முட்டைப் பெட்டியா என்பதை எந்த அறிவாளியும் ஊகிக்க இயலாது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் விலை காசுக் கணக்கில் வழங்குகிறது. பில்லிலோ ரூபாய் நிற்கிறது. 'மைனஸ்' என்ற பத்தியோ இன்னும் அபாயமானது: அறிவித்த விலையிலிருந்து வியாபாரி குறைத்துக் கொடுக்கும் தொகைக்கு இங்கே அதுவே பெயர். இதை அறியாத ஏஜென்ட் அதை வெறும் கழித்தல் குறியாகவோ பற்றுக் கணக்காகவோ கருதி, லாப நஷ்டத்தையே தலைகீழாக்கிவிடும். சேலத்துப் பக்கம் சேகோ ஆலைக் கணக்கிலும் மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்தை அளக்கும் 'பாயின்ட்' என்ற பத்தி இதே சங்கடத்தைத் தருகிறது.

இவற்றையெல்லாம் கருவியின் விவரணத்திலேயே எழுதிக் குவிப்பவர்கள் உண்டு. அது தகாது என்பது என் திடமான அபிப்பிராயம். பத்தியின் பொருள் பத்தியோடு வாழ வேண்டும். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்களில் ஒவ்வொரு பத்திக்கும் குறிப்புரை எழுத இடமுண்டு. பத்தி மாறினால் அருகிலுள்ள குறிப்புரையைத் திருத்துவதும் சுலபம். கருவியின் விவரணமோ கருவியின் நடத்தையை மாத்திரம் சொல்ல வேண்டும். நான் இப்படி எழுதுவது வழக்கம்: 'ஒரு டேபிளின் பத்திகள், வகைகள், குறிப்புரைகள், பிற டேபிள்களோடு உள்ள தொடர்பு ஆகியவற்றைத் தரும். டேபிளில் உள்ள பதிவுகளைத் தராது. பெயர் நிச்சயமாகத் தெரியாவிடில் முதலில் டேபிள்களைப் பட்டியலிடும் கருவியை அழைக்கவும். அப்பெயரில் டேபிள் இல்லையெனில் பிழையையும் நெருங்கிய பெயர்களையும் தரும்.'

இதில் 'தராது' என்ற வாக்கியத்தையே நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கிறேன். கருவி எதைச் செய்யும் என்பதைப் பெயரிலிருந்தே பாதி ஊகித்துவிடலாம். அது எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால், ஏஜென்ட் அமைப்பைப் பார்த்துவிட்டுப் பதிவுகளையும் பார்த்ததாகப் பாவித்து, பண்ணையில் இல்லாத முட்டைகளை எண்ணத் தொடங்கும். நூற்றுக்கணக்கான டேபிள்களின் அமைப்பை ஒரே அழைப்பில் கொட்டும் கருவியும் விரும்பத்தக்கதன்று. கேள்வி எதுவென்பதே ஏஜென்ட்டின் சூழலில் அமிழ்ந்துபோகும்.

அதேபோல், 'வாசிக்க மட்டும்' என்று விவரணத்தில் எழுதுவதைக் காவலாக எண்ணலாகாது. அந்தக் காவல் தரவுத்தளத்தின் அனுமதியில் இருக்க வேண்டும்.

குறிப்புரைகளை எழுதும்போது பண்ணையின் கணக்கரை அருகே அமர்த்திக்கொண்டு, பத்தி பத்தியாக அவரைக் கேட்டே எழுதுகிறேன். 'இறப்பு' என்ற பத்தியில் கழிவுக் கோழியும் சேருமா என்று கேட்டால், சேராது, அதற்கு வேறு சீட்டு உண்டு என்கிறார். அந்த வாக்கியம் அப்படியே குறிப்புரைக்குள் போகிறது.