இரண்டு ஜோடிப் பாதங்கள்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குடல், கல்லீரல் பிரிவின் புறநோயாளிகள் வராந்தா. எட்டரை மணிக்கே பெஞ்சு நிரம்பிவிட்டது.

முதல் சீட்டு ஒரு பரோட்டா மாஸ்டருடையது. ஐம்பது வயதிருக்கும். ரப்பர் செருப்பின் வாரைப் பிளேடால் அறுத்து, சணலால் முடிந்து நீட்டியிருக்கிறார். அப்படியும் பாதம் அடங்கவில்லை. கழற்றினால் புறங்காலில் வாரின் தடம் பள்ளமாக நிற்கிறது. கணுக்கால் மொழியைக் காணோம். தோல் இழுபட்டு மினுங்குகிறது. கைகளோ குச்சி; வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கிறது.

"எத்தனை நாளா ஐயா?"

"பொங்கலுக்கு முந்தியே இருக்குங்க. நாள் முழுக்கக் கல்லு முன்னால நிக்கிறேன்ல, அதான்னு விட்டுட்டேன். படுத்து எந்திரிச்சா வடிஞ்சிரும்."

"இப்பவும் வடியுதா?"

பதில் இல்லை. டாக்டரம்மா குனிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்திப் பிடித்து எடுக்கிறார். குழி அப்படியே இருக்கிறது. டாக்டரம்மா, மாஸ்டர், அவர் மனைவி மூன்று பேரும் அதையே பார்க்கிறார்கள்.

"குடிப்பீங்களா?"

"எப்பவாச்சும்."

"தெனமும்ங்க" என்கிறார் மனைவி, தரையைப் பார்த்தபடி.

ஆல்புமின் என்ற புரதத்தைச் செய்வது கல்லீரல். ரத்தக் குழாய்க்குள் நீர் தங்க அது வேண்டும்; இயல்பாக டெசிலிட்டருக்கு 3.5 கிராமாவது இருக்கும். ஈரல் தழும்பேறிச் சுருங்கினால் ஆல்புமின் குறைகிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் ஈரலுக்குள் புக வழியில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த நீர் வயிற்றில் தேங்குகிறது, காலுக்கும் இறங்குகிறது. ஈரல் கெட்டுக் கால் வீங்கினால், பெரும்பாலும் நோய் முற்றிவிட்டது என்று பொருள். அதையும் 'கால்தானே' என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறோமே, அதுதான் வயிற்றெரிச்சல்.

எல்லாக் கால் வீக்கமும் ஈரல் நோயல்ல. இதயம், சிறுநீரகம், சில ரத்த அழுத்த மாத்திரைகள் என்று வேறு காரணங்களும் உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றே போக வேண்டும்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எழுதியாகிவிட்டது. குடி அறவே கூடாது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் கூடாது. "அப்ப சோத்துக்கு என்னத்தங்க தொட்டுக்குவாரு?" என்று மனைவி கேட்கிறார். கேலியில்லை, நிஜமான கவலை.

அடுத்தவள் எட்டு மாதக் கர்ப்பிணி. பிரசவ வார்டிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். பாதத்தில் வீக்கமில்லை. உள்ளங்காலைப் பெஞ்சின் இரும்புச் சட்டத்தில் தேய்க்கிறாள், நிறுத்துகிறாள், மறுபடி தேய்க்கிறாள். தடிப்பு, படை எதுவும் கிடையாது. நகம் பட்ட கீறல்கள்தான்.

"ராத்திரியானா உள்ளங்கை, உள்ளங்கால் ரெண்டும் அரிச்சுப் பிடுங்குது மேடம். தூங்கவே முடியல."

"சூடுதாம்மா. வெளக்கெண்ணெ தடவுனோம்" என்கிறாள் தாய்.

டாக்டரம்மா எண்ணெயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், சீட்டில் 'இன்றே' என்று எழுதி அடிக்கோடிடுகிறார். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் சிலருக்கு ஈரலில் பித்த ஓட்டம் மந்தப்படுகிறது. பித்த அமிலங்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. முதலில் தெரிவது பெரும்பாலும் இந்த அரிப்புதான். மஞ்சள் காமாலை பலருக்கு வருவதே இல்லை. பித்த அமில அளவு மிக அதிகமானால் வயிற்றிலிருக்கும் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. உங்கள் வீட்டுக் கர்ப்பிணி உள்ளங்கால் அரிக்கிறது என்று சொன்னால், எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்காதீர்கள்; மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.