கிடைமாடு மேய்ந்த பொட்டல்

மானாமதுரையிலிருந்து வைகைக் கரையை விட்டுத் தெற்கே இறங்கினால் பச்சை சீக்கிரமே முடிந்துவிடும். பார்த்திபனூர், கமுதி என்று போகப் போகப் பொட்டல்தான். உடைமரமும் கிளுவையும் அங்கங்கே நிற்கும். மழை பெய்த வருஷம் கண்மாயில் தண்ணீர் கிடக்கும். பெய்யாத வருஷம் பாளம் பாளமாக வெடித்த கரம்பை. உத்தியோகத்துக்கு வருகிறவர்கள் இதைத் தண்ணியில்லாக் காடு என்பார்கள். என் தாய்மாமனுக்கு அதுதான் சொத்து. அவர் பேரில் ஒரு குழி நிலத்துக்கும் பட்டா கிடையாது. நானூறு உருப்படி மாடு இருந்தது. அந்த மாடு மேய்கிற இடமெல்லாம் தன் இடம் என்கிற நிமிர்வோடு நடப்பார்.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் நான் மாமாவின் கிடையில்தான் கிடப்பேன். அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. அம்மாச்சிதான், “அவன் பொறந்த குலம் மாட்டை நம்பி வந்தது, போயிட்டு வரட்டும் விடு” என்று வழி பண்ணிவிடுவாள்.

கிடைமாட்டை வீட்டு மாட்டோடு சேர்த்து நினைக்கக் கூடாது. மூக்கணாங்கயிறு கிடையாது, கழுத்தில் கயிறு கிடையாது, தொழுவத்தில் கட்டிப் பழக்கமே கிடையாது. பால் கறக்க மாட்டார்கள். மடியில் ஊறுவது முழுக்கக் கன்றுக்கு. கன்று ஈனுவதும் வெட்டவெளியில்தான். ஈன்ற அன்று மட்டும் கன்றை ஆள் தோளில் தூக்கி வருவார், தாய் மோந்துகொண்டே பின்னால் வரும். அப்புறம் அது தன் காலில் கூட்டத்தோடு நடந்தாக வேண்டும். புலிக்குளம் மாடு என்று இன்று எல்லோருக்கும் தெரிந்த இனம் இதுதான். பசுக்கள் வெள்ளையும் சாம்பலுமாக இருக்கும். காளைக்கு வயது ஏற ஏறக் கழுத்தும் திமிலும் கருத்துக்கொண்டே போகும். புது ஆள் வாசம் காற்றில் வந்தால் முன்னால் நிற்பது தலையைத் தூக்கும். அடுத்த நொடி நானூறு தலையும் தூக்கி நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது மாமாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். “அசையாம நில்லு மாப்ளே. என் பக்கத்துல நின்னா உன் வாசமும் அதுகளுக்குப் பழகிரும்” என்றார். அப்படித்தான் பழகியது.

இவ்வளவு பெரிய கூட்டத்தைக் கட்டி வைத்திருந்தது மாமாவின் சத்தம். மேய விடுவதற்கு ஒரு சத்தம், திருப்புவதற்கு ஒன்று, தண்ணிக்கு இறக்குவதற்கு ஒன்று. ராத்திரியில் வெறுமனே தொண்டையைச் செருமிக்கொண்டு கிடையைச் சுற்றி வருவார். ஆள் இருக்கிறது என்று மாட்டுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மாமா மகனும் சம்பளத்துக்கு இருந்த இரண்டு ஆட்களும் அதே சத்தத்தைத்தான் கொடுப்பார்கள். ஆனாலும் மாமா குரலுக்கு மாடு காதைத் திருப்பும் விதம் வேறு.

தை அறுப்பு முடிந்ததும் கிடை நஞ்சைப் பக்கம் கிளம்பும். மேலூர், திருமங்கலம் என்று வயல்காரர்கள் எருவுக்காக முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். பகலில் தாளடியிலும் தரிசிலும் மேய்ச்சல், பொழுது சாய்ந்ததும் பேசிய வயலில் கிடை. வேலி இல்லை, படல் இல்லை. நாலு மூலையிலும் கயிற்றுக் கட்டில் போட்டு ஆட்கள் படுப்பார்கள், நடுவே மாடு படுக்கும். விடிந்ததும் வயல்காரர் வந்து வரப்பில் நின்று பார்ப்பார். “கீதாரி, அந்தச் சனி மூலையில சாணி விழலையே” என்பார் கிடைக்குத் தலைவரான மாமாவிடம். மறுநாள் கிடை அந்தப் பக்கம் தள்ளி அமரும். கூலி அந்தக் காலத்தில் நெல்லாக வந்தது, பிறகு ஒரு ராத்திரிக்கு இத்தனை ரூபாய் என்று ஆனது. ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்று ஒரு சொலவடை உண்டு. உர மூட்டை வந்து இறங்கிய காலத்திலும் சில சம்சாரிகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாணியை விட மூத்திரம்தான் மண்ணுக்கு மருந்து, அதை வண்டியில் அள்ளிக்கொண்டு வர முடியாது, மாடே வந்து படுத்தால்தான் உண்டு என்பார் மாமா.

நஞ்சையில் நடவு தொடங்கினால் மாட்டுக்கு அங்கே இடமில்லை. புரட்டாசி தொட்டு தை வரைக்கும் பொட்டலுக்குத் திரும்ப வேண்டும். எனக்குப் பிடித்த காலம் இதுதான். முதல் மழையில் கொழுக்கட்டைப்புல் கிளம்பும். மாட்டின் உடம்பில் மினுமினுப்பு ஏறும். கம்பங்கூழும் சுட்ட கருவாடுமாகச் சாப்பாடு. சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் நிற்போம்.

அப்படி ஒரு ஐப்பசியில், தீபாவளி லீவுக்கு நான் போயிருந்த சமயம், ராத்திரி இடி விழுந்தது. மழைக்கு இந்த மாடு அசையாது. சூறைக்கும் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கும். ஆனால் அன்றைக்கு இடி விழுந்தது கிடைக்குப் பக்கத்துப் பனையில். தரை அதிர்ந்தது எனக்குக் கட்டிலில் தெரிந்தது. மாமா என்னைத் தூக்கி உடைமரக் கவட்டையில் உட்கார வைத்துவிட்டு சத்தம் கொடுத்துக்கொண்டே ஓடினார். மின்னல் வெட்டுகிறபோதெல்லாம் முதுகு முதுகாகத் தெரிந்தது, அப்புறம் இருட்டு. குளம்புச் சத்தம் ஒரே திசையில் போய்த் தேய்ந்தது. விடிந்து எண்ணிப் பார்த்தபோது முக்கால்வாசி இருந்தது. மிச்சம் கண்மாய்க்கு அந்தப் பக்கம், சீமைக்கருவேலங் காட்டுக்குள் போயிருந்தது.

மாமா மகன் கம்பை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பப் பார்த்தான். மாமா தடுத்துவிட்டார். “மிரண்ட மாட்டை வெரட்டிப் போனா நீயே அதை ராமேஸ்வரம் வரைக்கும் ஓட்டி விட்டுருவே. பசிச்ச கன்னுக்குட்டி இங்க கத்துது பாரு. அதுக கூப்புடட்டும்.”

அவர் கணக்கு எனக்குப் பிறகுதான் விளங்கியது. கலைந்து ஓடிய பசுக்களில் பலவற்றின் கன்றுகள் கிடையிலேயே தங்கிவிட்டன. பொழுது ஏற ஏற அங்கே மடி கனக்கும், இங்கே கன்று கத்தும். இருட்டுவதற்குள் தாய்ப்பசுக்கள் ஒவ்வொன்றாகத் தாமாகவே வந்து சேர்ந்தன. மயிலை என்கிற கெழட்டுப் பசு மட்டும் தன்னோடு நாலைந்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. அதற்குக் கன்று இல்லை. கிடைக்குத் திரும்புகிற புத்தி அதற்கு எப்போதுமே உண்டு. கிடையிலேயே அந்த மயிலைக்கு மட்டும்தான் மாமா கழுத்தில் மணி கட்டியிருந்தார்.

வராமல் நின்றது கிடாரிகளும் இளங்காளைகளும். அவற்றைக் கூப்பிட இங்கே கன்று இல்லை. கோடையாக இருந்தால் தண்ணிக்குக் காத்திருக்கலாம். தண்ணீர் கிடக்கிற ஒரே கண்மாய்க்கு வந்துதானே ஆக வேண்டும். அமெரிக்காவில் அரிசோனாப் பாலை நிலத்து மாட்டுக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள் என்று பெரியவனான பிறகு படித்தேன். தண்ணீர் இருக்கும் இடத்தைச் சுற்றி வேலி போட்டு, உள்ளே போகலாம் வெளியே வர முடியாது என்கிற மாதிரிப் படல் வைத்துக் காட்டு மாட்டைப் பிடிப்பார்கள். ஆனால் எங்களுக்கு அது அடைமழைக் காலம், பள்ளமெல்லாம் தண்ணீர். அந்த வழி அடைத்துவிட்டது.

எனவே மாமா கிடையையே கிளப்பினார். முந்நூற்றுச் சொச்சம் மாட்டையும் மேயவிட்டபடி, அவசரமே இல்லாமல், கருவேலங்காட்டு ஓரமாக நடத்திக்கொண்டு போனார். என்னையும் கூட்டிக்கொண்டார். கரம்பையில் குளம்படி அச்சு அச்சாகப் பதிந்திருந்தது. குனிந்து காட்டுவார். குளம்புக்குப் பின்னால் இரண்டு சின்னக் குழி விழுந்திருந்தால் மாடு ஓடியிருக்கிறது. அது இல்லாமல் மொட்டையாகப் பதிந்திருந்தால் நடை. நடை அச்சைப் பார்த்த இடத்தில் அவர் முகம் தெளிந்தது. கருவேலத்துக்கு மேலே உண்ணிக்கொக்குகள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன. “அங்கதான் மேயுது. நீ அந்தப் பக்கம் பார்க்காதே, பார்க்காத மாதிரியே வா” என்றார். காற்று எங்கள் முகத்தில் அடிக்கிற பக்கமாகவே நடந்தோம்.

மயிலையின் மணி கேட்டுக்கொண்டே இருந்தது. கிடாரிகள் ஒன்றிரண்டு புதரை விட்டு வெளியே வந்து நின்று பார்த்தன. நாங்கள் நிற்கவில்லை. மாமா தனக்குத்தானே பேசுகிற தொனியில் அந்த வழக்கமான சத்தத்தைக் கொடுத்துக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்தபோது அவை கூட்டத்தின் வாலோடு சேர்ந்து மேய்ந்துகொண்டிருந்தன. ஒருவரும் விரட்டவில்லை, ஒரு கல் எறியவில்லை. ஆஸ்திரேலியாவின் வடக்குப் புதர்க்காடுகளிலும், ஹெலிகாப்டர் வருவதற்கு முன்பு, சாதுவான ஒரு கூட்டத்தைக் கூடவே ஓட்டிப் போய்த்தான் காட்டு மாட்டை அதனுள் சேர்த்தார்கள். எழுத்தே படிக்காத என் மாமாவும் அவர்களும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. மாட்டின் மனதை அருகிருந்து படித்தவர்கள் எந்தத் தேசத்தில் இருந்தாலும் அந்த வித்தைக்குத்தான் வந்திருப்பார்கள்.

ஒரு காரிக் காளை மட்டும் பிடி கொடுக்கவில்லை. பல் போடுகிற வயது. கூட்டத்துக்கு ஒரு கூப்பிடு தூரம் தள்ளியே வந்தது, நாங்கள் நின்றால் நின்றது. மாமா அதைச் சட்டை பண்ணவே இல்லை. சில ராத்திரி கழித்து ஒரு விடியலில் அது மற்ற மாடுகளுக்கு நடுவே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் காரியை மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் ஜல்லிக்கட்டுக்கு என்று கேட்டு வாங்கினார். கிடைமாட்டில் பிடிப்பது தனி வேலை. தனியாக ஒதுக்கினால் ஆளைக் கிழித்துவிடும். கூட்டத்துக்குள் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். நாலு பக்கமும் மாடு நெருக்கி நிற்கும்போது அதற்குத் திரும்ப இடமிருக்காது. மாமா பசுக்களைத் தடவிக்கொண்டே உள்ளே போய்ச் சுருக்கைக் கொம்பில் மாட்டினார். கயிற்றின் மறுமுனை ஏற்கெனவே உடைமரத்தில் ஒரு சுற்றுப் போட்டுத் தயாராக இருந்தது. காளை ஒரு முறை எழும்பித் துள்ளியதில் புழுதி பறந்தது. முதன்முதலாக அதன் மூக்கில் கயிறு ஏறியபோது மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பணத்தை எண்ணாமலே மடியில் கட்டினார்.

கிடைக்கு வரும்படி இப்படி விற்கிற காளைக் கன்றுகள்தான். அதைவிட்டால் கிடைக் கூலி, குப்பை. சாணிக் குப்பை லாரி லாரியாக மலையாளத்துத் தோட்டங்களுக்குப் போகும். உச்ச நீதிமன்றம் 2014இல் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டபோது அலங்காநல்லூரும் பாலமேடும் செய்தியில் வந்தன. கன்றை வாங்க ஆள் வராமல் போன கிடைக்காரர்களைப் பற்றி அநேகமாக யாரும் எழுதவில்லை. 2017இல் மெரினாவில் பிள்ளைகள் கூடி நின்று ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் சட்டம் வந்தது. 2023 மே மாதம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பும் வந்தது. நான் மகிழ்ந்தவன்தான். காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர் இனங்களோடு புலிக்குளமும் பதிவு பெற்ற நாட்டு மாட்டினம் என்று அரசு ஏட்டில் இருக்கிறது; மானாமதுரையில் அதற்கென்றே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. இதெல்லாம் வேண்டும்தான். ஆனால் வாடிவாசலில் பாய்கிற காளை பொட்டலில் நடந்த ஒரு தாயின் வயிற்றிலிருந்து வருகிறது. நடக்க நிலம் இல்லாமல் போனால் அந்தக் காலும் அந்த வீரமும் ஓரிரு தலைமுறையில் போய்விடும் என்பது என் உறுதியான எண்ணம்.

நிலம் போன கதையை என் கண்ணாலேயே பார்த்தேன். மாமா மாட்டை மேய்த்த கண்மாய் உள்வாய் இன்று சீமைக்கருவேலம் அடைந்து ஆள் நுழைய முடியாமல் கிடக்கிறது. அதன் இலையை மாடு கடிக்காது, நெற்றை மட்டும் ஆசையாகத் தின்னும். தின்ற விதை சாணியோடு விழுந்து இன்னொரு இடத்தில் முளைக்கும். மேய்ச்சல் தரிசுகள் மனைக்கட்டாயின. மலையடிவார மாட்டுக்காரர்களுக்கு வேறு இடி. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எதிலும் மாடு மேய்க்கக் கூடாது என்றது. அதே மாதத்தில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று அதைச் சுருக்கியது. ஆனால் மேகமலை அதற்கு முந்தைய வருஷமே புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. தேனிப் பக்கத்து மலைமாடுகள் தலைமுறையாகப் போன வழி அது.

மாமா தன் மாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றார். கடைசியாகக் கொடுத்தது மயிலையின் வம்சத்தில் வந்த ஒரு பசுவை. மாமா மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். அவன் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் கொடுத்துப் பார்க்க மாடு இல்லை.

இன்றும் சிவகங்கை, மதுரை, விருதுநகர்ப் பக்கம் கிடை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் நாடோடியாக மேய்க்கிறவர்களின் மேய்ச்சல் உரிமையையும் எழுதி வைத்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்க கிடைக்காரர்களுக்குத் துணை வேண்டும். அதைவிடச் சின்ன உதவி ஒன்று நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. உங்கள் ஊர் கிராமசபையில் மேய்ச்சல் புறம்போக்கை வேறு வேலைக்கு மாற்றித் தரும் தீர்மானம் வந்தால், அந்த வழியாக வருஷா வருஷம் மாட்டோடு போகிறவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் கையைத் தூக்கிவிடாதீர்கள்.