பெயருள்ள காதல்

காதல் நாவல் படித்து அழுகிறவர்கள் மீது படித்தவர்களுக்கு எப்போதும் ஓர் இளக்காரம் உண்டு. தமிழில் 'பெண்கள் கதை' என்று ஒதுக்குவார்கள். மலையாளத்தில் அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: பைங்கிளி. இரண்டு மொழிகளின் இளக்காரத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டவர்கள் நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைக் கிராமங்களின் தமிழ் வாசகிகள். பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ் என்று வளர்ந்தவர்களுக்கு ரமணிசந்திரனும் தெரியும், முட்டத்து வர்க்கியும் தெரியும். வாரப் பத்திரிகைகளின் தொடர்கதைப் பக்கங்களைக் கத்தரித்து, தைத்து, அக்கம்பக்கத்தில் கைமாற்றிப் படித்த தலைமுறை ஒன்று எல்லையின் இரு பக்கமும் இருந்தது.

எல்லை வந்தது 1956 நவம்பர் 1இல். பழைய திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையின் தமிழ்ப் பகுதிகளையும் கேட்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் கோரிக்கை நிறைவேறவில்லை. கோடு களியக்காவிளையில் விழுந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுபோனவர்களுக்கு, அரசியல் தராத போக்குவரத்து வசதியைக் கதைப் புத்தகம் தந்தது.

திருவனந்தபுரத்திலிருந்து இந்த ஊர்கள் வழியாக நாகர்கோவில் போகும் சாலை சுமார் 65 கிலோமீட்டர். மலையாளிகளையும் தமிழர்களையும் அழவைத்த காதல் கதைகள் சிலவற்றுக்கு இந்தச் சாலையோடு சம்பந்தம் உண்டு.

முதலாவது, சாலை தொடங்கும் நகரின் மத்திய சிறை. 1940களில் அங்கே அரசியல் கைதியாக இருந்த வைக்கம் முகமது பஷீர் எழுதிய சிறு நாவல் 'பிரேமலேகனம்'. கேசவன் நாயர் என்ற வங்கி குமாஸ்தா, தான் குடியிருக்கும் வீட்டின் பெண் சாராம்மாவுக்குக் காதல் கடிதம் கொடுக்கிறான். வேலையில்லாத அவள் தனக்கு வேலை வாங்கித் தரச் சொல்கிறாள். தன்னைக் காதலிப்பதையே மாதச் சம்பளத்துக்கான வேலையாகத் தருகிறான் அவன். பிறக்கப்போகும் குழந்தைக்கு எந்த மதப் பெயரும் வேண்டாம் என்று சீட்டுப் போட்டு 'ஆகாச மிட்டாய்' என்று பெயர் எடுக்கிறார்கள். 1943இல் வெளியான இந்தப் புத்தகத்தை 1944இல் திருவிதாங்கூர் அரசு தடை செய்தது.

அதே சிறையை வைத்து பஷீர் பின்னாளில் எழுதியது 'மதிலுகள்'. ஆண்கள் சிறைக்கும் பெண்கள் சிறைக்கும் நடுவே ஒரு சுவர். அந்தப் பக்கத்து நாராயணியின் குரல் மட்டும் கேட்கும். தான் வந்திருப்பதைத் தெரிவிக்க அவள் ஒரு காய்ந்த கம்பை மேலே எறிவாள். ஆஸ்பத்திரியில் சந்திப்பதாக நாள் குறித்த பிறகு அவருக்கு விடுதலை வந்துவிடுகிறது. அடூர் கோபாலகிருஷ்ணன் இதைப் படமாக்கியபோது நாராயணியின் முகத்தைக் கடைசி வரை காட்டவில்லை. கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல்தான் நாராயணி. தமிழில் சுகுமாரன் மொழிபெயர்ப்பில் 'மதில்கள்' கிடைக்கிறது.

அடுத்த நிறுத்தம், நெய்யாற்றின்கரைக்குப் போகும் வழியில் இருக்கும் நேமம். பி. சுப்ரமணியத்தின் மெரிலாண்ட் ஸ்டூடியோ இங்கேதான் இருந்தது. முட்டத்து வர்க்கியின் 'பாடாத்த பைங்கிளி' நாவலை அவர் 1957இல் பிரேம் நசீர், மிஸ் குமாரி நடிப்பில் படமாக்கினார். ஏழை ஆசிரியரின் மகள், பணக்கார வீட்டுப் பையன் என்ற கதை. வசவாக மாறிய அந்தச் சொல், இந்த நாவலின் தலைப்பிலிருந்து பிறந்ததுதான். இகழ்ந்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அதுவரை புத்தகம் வாங்கியே பழகாத லட்சக்கணக்கான வீடுகளை வாசகர்களாக்கியது இந்தப் பைங்கிளிதான்.

சாலையின் மறுமுனை நாகர்கோவில். தகழியின் 'செம்மீன்' மாநில எல்லை பிறந்த அதே 1956இல் வெளிவந்தது. மறு ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமி அதைத் தமிழாக்கினார். 1962இல் வந்த அந்த மொழிபெயர்ப்புக்கும் 'செம்மீன்' என்றுதான் பெயர். மலையாளிக்குச் செம்மீன் என்றால் இறால். பழந்தமிழில் அது ஒரு நட்சத்திரம். சேர மன்னர்களைப் பாடும் பதிற்றுப்பத்தில் கற்புக்கு உவமையாகும் அருந்ததிக்கே செம்மீன் என்று பெயர். கடலில் இருக்கும் கணவனின் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் கற்பில் என்ற நம்பிக்கையைச் சுற்றிய கதைக்கு, தமிழில் இந்தத் தலைப்பு தானாகவே இன்னொரு பொருள் தருகிறது. நெய்யாறு கடலில் சேரும் பூவாறு கரையில் வலை இழுப்பவர்களுக்கு இறால் நினைவு வரும். தமிழாசிரியருக்கு அருந்ததி நினைவு வரும். இரண்டும் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில்தான் அதிகம்.

இந்தக் கதைகள் ஏன் அழவைக்கின்றன என்பதற்கு ஒரு விடை தொல்காப்பியத்தில் இருக்கிறது. அகத்திணையில் காதலர் இருவரின் பெயரையும் சொல்லக் கூடாது என்பது அதன் விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்றால் போதும். பெயர் இல்லாததால் படிக்கிற எவரும் அந்த இடத்தில் தன்னை நிறுத்திக்கொள்ளலாம். பெயர் தெரிந்த கணமே ஜாதியும் மதமும் தெரிந்துவிடும் என்பது இன்றைய வாசகர் சேர்த்துக்கொள்ளக்கூடிய உரை. நாவலுக்கு அந்தச் சலுகை கிடையாது. கேசவன் நாயர், சாராம்மா, கருத்தம்மா, பரீக்குட்டி என்று பெயரோடுதான் வர வேண்டும். யார் யாரோடு சேர முடியாது என்பது முதல் அத்தியாயத்திலேயே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அது நடக்காமல் போகட்டும் என்று இருநூறு பக்கம் ஆசைப்படுவதுதான் காதல் நாவல் படிக்கும் சுகம்.

இந்தச் சுகம் அற்பமானதல்ல. மகள் ஒரு நாவலுக்கு அழுதால் கேலி செய்து சிரிக்கும் வீடு, அவள் ஒரு பெயரைச் சொன்னால் சிரிக்காது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதில் வித்தியாசமில்லை. வீட்டில் சொல்ல முடியாததைக் கதையில் படித்துக் கரைந்துபோகிற பெண்ணுக்கு ரசனை போதாது என்று சொல்பவர்கள், அவள் வேறு எங்கே அழுவது என்று சொன்னதில்லை.

செம்மீனை முதலில் மலையாளத்திலும் பிறகு தமிழிலும் படித்தவர்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். கடலில் சுறா பிடிக்கப் போன பழனி திரும்புவதில்லை. கருத்தம்மாவும் பரீக்குட்டியும் அணைத்தபடி பிணமாகக் கரை ஒதுங்குகிறார்கள். இரண்டு மொழியிலும் முடிவு அதுதான். தெரிந்திருந்தும், இந்த முறையாவது பரீக்குட்டி அன்றிரவு கடற்கரைக்கு வராமல் இருந்துவிட மாட்டானா என்று நினைத்துக்கொண்டே அவர்கள் பக்கத்தைத் திருப்புகிறார்கள்.